பதினான்கு ஜோடி ஓட்டை ஷூ

பணி ஓய்வு பெற்றபோது எனக்கு முப்பது வயது முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. சிரிக்காதீர்கள். சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், ஒருவர் மைக்கைப் பிடித்து "மேடத்தின் ஓய்வுக்காலம் நல்லபடியாக அமைய" என்று வாழ்த்தவும் செய்தார். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அலுவலர் வேலையை விட்டுவிட்டு, அதே படிப்பை ராமநாதபுரத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று எத்தனை தடவை விளக்கினாலும் யாரும் கேட்கவில்லை. "வெயில்ல நிக்காத வேலைன்னா அது ஓய்வுதான் மேடம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஓய்வு பெற்றவள். அனுபவம் எழுத எனக்கும் உரிமை உண்டு.

போன வாரம் வகுப்பில் மேசை மேல் ஒரு பாதுகாப்பு ஷூவை வைத்தேன். நீரோரத்தில் கட்டுமான வேலை செய்கிறவர்களுக்கான ஷூ. பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு உட்புறம் வலை. முன்வரிசைப் பெண் ஒருத்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இது டேமேஜ் பீஸா?" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் வகுப்பே மிரண்டுவிட்டது. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். பதினான்கு ஆண்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

என் ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கம். நெல், மிளகாய், கண்மாய். எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கண்மாய்த் தண்ணீர்தான், அதிலும் இடுப்புக்கு மேல் இறங்கியதில்லை. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன், பிறகு ஒரு வருடம் தொழிற்பாதுகாப்பு. ஒரு சாலை, ஒரு மருத்துவமனைக் கட்டடம் என்று ஐந்து வருடம் ஓடியது. அந்த ஐந்து வருடத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். ஹெல்மெட்டை எல்லாரும் போட்டுக்கொள்கிறார்கள், அது தூரத்திலிருந்தே தெரியும். ஷூ சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிய வேண்டும். அதிகாரத்தில் இருக்கிறவர்கள் குனிவதில்லை.

குனிகிற ஒருவரை மண்டபத்தில்தான் பார்த்தேன்.

மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வடகடல் பக்கம், மீன்பிடி படகுகளுக்காக ஒரு படகுத்துறை கட்டும் வேலை. அங்கே பாதுகாப்பு மேலாளர் ஆரோக்கியசாமி சார். தூத்துக்குடிக்காரர். சத்தம் போடவே மாட்டார். காலையில் ஆள்கள் உள்ளே வரும்போது வாசலில் நின்று முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார். "என்ன கலீல், லேசுக் கயிறு புதுசா?" "பாக்கியம், இடது பக்கக் குதிகால் தேஞ்சிருக்கேம்மா, இடுப்பு வலிக்குதா?" கடைசி ஆள் உள்ளே போன பிறகுதான் அவருக்கு டீ. கண்டிக்க வேண்டும் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். திட்டே வாங்கிவிடலாம் என்று இருக்கும். எது நடந்தாலும் கடைசியில் ஒரே சொல்தான், "எழுதுங்க."

நான் சேர்ந்த அன்றே ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசல் பரிசோதனையை என்னிடம் விட்டுவிட்டார். அதன் முறை இன்னும் எனக்குத் தூக்கத்திலும் வரும். வாசலில் ஒரு பலகை. ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்க வேண்டும். "வலது கால்." ஸ்கேலால் பெருவிரல் பக்கம் ஒரு தட்டு. உள்ளே இரும்புக் கவசம் இருந்தால் 'டங்' என்று கேட்கும். 'மொத்' என்று கேட்டால் வெறும் தோல். இருபது கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அந்தக் கவசம் விரலைக் காப்பாற்ற வேண்டும். "இடது கால்." அதே தட்டு. பிறகு லேசின் நுனி வெளியே தொங்குகிறதா, பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கியிருக்கிறார்களா. மாதம் ஒருமுறை ஷூவைக் கழற்றச் சொல்லி இரண்டு கையாலும் வளைத்துப் பார்ப்பேன். உள்ளங்காலுக்கு அடியில் இருக்கிற தகடு விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சென்ட்ரிங் பலகை பிரிக்கிற இடத்தில் ஆணிகள் எல்லாம் வானத்தைப் பார்த்துத்தான் கிடக்கும். ஆணிக்கும் காலுக்கும் நடுவில் அந்தத் தகடு மட்டும்தான்.

மூன்றே வாரத்தில் எனக்கு 'ஷூ மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலர்விழி என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கரையில் வேலை செய்கிற கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள் எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டார்கள். ஸ்டோர் பொறுப்பில் இருந்த கலீல் காக்கா வளைகுடாவில் பல வருடம் இருந்தவர், ஷூவைத் துடைத்து வைக்கிற அழகைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். சிக்கல் எல்லாம் பார்ஜில்.

பார்ஜ் என்பது தட்டையான பெரிய இரும்பு மிதவை. அதன் மேல்தான் கிரேன் நிற்கும், கடலுக்குள் தூண் இறக்கும் வேலை நடக்கும். கயிறு இழுக்க, நங்கூரம் மாற்ற, அலைக்குத் தகுந்தபடி அதை நிறுத்திவைக்க, பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து பதினான்கு பேர். தலைவர் சேசுராஜ் அண்ணன். நாற்பது வயது, உப்பில் ஊறிய கட்டை மாதிரி உடம்பு. அவருடைய மச்சினன் அந்தோணியும் அதே குழுதான்.

முதல் நாள் பார்ஜுக்குப் போகிற ஏணி முனையில் பதினான்கு ஜோடி ஷூவும் அழகாக வரிசையில் இருந்தன. ஆள்கள் வெறுங்காலோடு இரும்புத் தளத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஷூ எங்க?"

"அங்கன இருக்கு மேடம். தொடச்சுத்தான் வச்சிருக்கோம்."

"கால்ல இருக்கணும்ல?"

சேசுராஜ் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. "போட்டுல எவனாச்சும் செருப்புக் காலோட ஏறுவானா மேடம்? சோறு போடுற தெய்வம். மிதிக்கிறதே வெறுங்கால்லதான். அதோட, கால்லதான் எல்லாம் தெரியும். எஞ்சின் என்ன சொல்லுது, அடியில தண்ணி எப்படிப் போகுது, எல்லாம் உள்ளங்காலு சொல்லும்."

இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் எதற்கோ, "சரி அண்ணே, இந்தப் போட்டுக்கு முன்பக்கம் எது?" என்று கேட்டேன்.

அவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பார்ஜ் செவ்வகம்.

"ஏலே அந்தோணி, இதுல அணியம் எதுடா?" அணியம் என்றால் படகின் முன்தலை.

"அணியமா? நாலு பக்கமும் ஒண்ணாத்தான மாமா இருக்கு."

"பேரு எழுதியிருக்கா?"

"நம்பர்தான் எழுதியிருக்கு."

"சாமியார் வந்து மந்திரிச்சாரா?"

"கிரேனத்தான் மந்திரிச்சாரு. இத மந்திரிக்கல."

சேசுராஜ் அண்ணன் தளத்தைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப இது போட்டு இல்லடா. இரும்புத் தட்டு. போடுங்கடா ஷூவ." அவ்வளவுதான். என் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை. அதனால்தான் இது ஜெயிப்பே இல்லை என்று தெரியாமல் இருந்தேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை, மாதப் பரிசோதனை. அந்தோணியின் ஷூவை வளைத்தபோது என் கட்டைவிரல் ஒரு ஓட்டையில் மாட்டியது. பார்த்தால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உட்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் மூன்று. ஓரமெல்லாம் உருகி வழவழவென்று. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அளவெடுத்துப் போட்ட ஓட்டைகள். அடுத்த ஜோடியிலும் அதே. அதற்கடுத்ததிலும். லேசையும் உருவிவிட்டு வலைக் கயிறு கோத்திருந்தார்கள்.

"என்ன இது? டேமேஜ் பீஸா? பதினாலும் டேமேஜா?"

பதினான்கு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"அண்ணே, யார் செஞ்சது?"

"நாங்கதான் மேடம்" என்றார் சேசுராஜ் அண்ணன். குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை. ஒரு கைவினைக்காரரின் பெருமைதான் இருந்தது. "அலை அடிச்சா ஷூவுக்குள்ள தண்ணி வந்துருது. வந்த தண்ணி போக வழி வேணாமா? போட்டு மேல்தட்டுல தண்ணி வெளிய போக ஓட்டை வச்சிருக்கோம்ல, அந்தக் கணக்குத்தான். பொழுதன்னைக்கும் ஊறிக்கிட்டே கெடந்தா சேத்துப்புண்ணு வருது மேடம். கடல்காரனுக்குச் சேத்துப்புண்ணு வந்தா ஊரே சிரிக்காதா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எழுதிருவீங்கள்ல."

நான் நினைத்ததையெல்லாம் கத்தினேன். அங்கீகார முத்திரை குத்திய ஷூவில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டாலும் அந்த முத்திரை செல்லாது என்றேன். பதினான்கு பேரையும் வெளியே நிறுத்தினேன். பார்ஜ் நின்றது. கிரேன் நின்றது. பதினைந்து நிமிடத்தில் புராஜெக்ட் இன்ஜினியர் ஓடிவந்தார். மோசமான மனிதர் இல்லை, கெடுவுக்குப் பயந்த மனிதர். வியாழக்கிழமை படகுத்துறையைக் கட்டச்சொன்ன துறையிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். "இதைப் பாத்தா அவங்களே சொல்லிருவாங்க, இந்தக் குழுவ மாத்துங்கன்னு. வெளியூர்ல சான்றிதழ் வச்ச குழு தயாரா இருக்கு. நான் கூப்பிட்டுர வேண்டியதுதான்" என்றார்.

சேசுராஜ் அண்ணனுடைய முகம் அப்போதுதான் மாறியது. "சார், நாங்க கட்டிக்கிடப்போற தொற சார் இது. எங்க வள்ளம் வந்து நிக்கப்போற எடம். இதுல ஒரு தூணாச்சும் எங்க கை படாம நிக்கக்கூடாதுன்னுதான கடலுக்குப் போகாம இங்கன வந்து நிக்கிறோம்."

அவர் கெஞ்சவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆரோக்கியசாமி சார் வந்தார். ஒரு ஷூவை எடுத்து மூன்று ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். ஹெல்மெட் கழன்று மடிக்குப் போனது.

"மலர், நீங்க ஷூ போட்டுக்கிட்டுக் கடல்ல விழுந்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"பார்ஜ் வேலைக்கு இந்த ஷூன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"சரி. நாளைக்குக் காலையில விழுங்க. ஓட்டை போட்டது, போடாதது, ரெண்டையும் போட்டு விழுங்க. எழுதுங்க."

செவ்வாய்க்கிழமை காலை நான் விழுந்ததைப் பார்க்கத் தளம் முழுக்கக் கூடியிருந்தது. லைஃப் ஜாக்கெட், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மூன்று பேர். தண்ணீரில் எனக்கு முன்னால் சேசுராஜ் அண்ணன் நின்றார். அவருக்கு மார்பளவு. எனக்குக் கழுத்தளவு. என் கால் இரண்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தன. குளிரால் என்று சொல்லிக்கொண்டேன். காலையில் வடகடல் வெந்நீர் மாதிரி இருந்தது.

"யாத்தே, ஷூ மேடத்த அலசிக் காயப்போடப் போறாக!" பாக்கியம் அக்கா கரையிலிருந்து கத்தியது இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஆனால் நடந்ததை எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

முதலில் ஓட்டை போடாத ஷூ. தண்ணீருக்குள் இருந்தபடி லேசை அவிழ்க்கச் சொன்னார் சார். முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது. நகம்தான் உடைந்தது. பிறகு பார்ஜ் ஏணியில் ஏறினேன். முதல் படியில் கால் வைத்துத் தூக்கினால் வரவில்லை. ஷூவுக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் என்னோடு ஏறிவந்தது. காலுக்கு ஒரு குடத்தைக் கட்டிவிட்ட மாதிரி. நாலாவது படியில் வழுக்கி மறுபடியும் தண்ணீருக்குள். ஒரு வாய் உப்பு. மூன்று பேரும் கயிற்றை இழுத்தார்கள்.

இரண்டாவது, அந்தோணியின் ஓட்டை ஷூ. உள்ளே இரண்டு ஜோடி காலுறை போட்டால்தான் எனக்கு நின்றது. முதல் படியில் காலைத் தூக்கியதுமே இரண்டு பக்கமும் சர்ரென்று தண்ணீர் கொட்டியது. மூன்றாவது படியில் காலில் பாரமே இல்லை. மேலே போய் நின்று கையைத் தூக்கியதும் கரையில் விசில்.

"லேச இழுங்க மேடம். அந்த நுனிய. ஒரே இழு" என்றார் சேசுராஜ் அண்ணன்.

இழுத்தேன். வலைக்காரர்கள் போடுகிற முடிச்சு. எவ்வளவு அசைத்தாலும் இறுகும், அந்த ஒரு நுனியை மட்டும் இழுத்தால் மொத்தமும் அவிழும். ஷூ தானாகக் கழன்று விழுந்தது. நான் ஐந்தாறு வருடமாகக் கற்றுக்கொண்ட ஷூ ஞானத்தில் இந்த முடிச்சு இல்லவே இல்லை.

நனைந்த கோழியாக நின்றுகொண்டு, "சார், அவங்க செஞ்சதுதான் சரி" என்றேன்.

ஆரோக்கியசாமி சார் தலையாட்டவில்லை. "ஓட்டை வழியா வெளிய போறது தண்ணி. உள்ள வரக்கூடியது என்ன?"

மணல், சிப்பி என்று ஆரம்பித்தேன். சட்டென்று நின்றேன். போன சனிக்கிழமை மேல்தளத்தில் கான்கிரீட் போட்டோம். ஆள் பற்றாமல் பார்ஜிலிருந்தும் சிலரைக் கூப்பிட்டோம். ஈரக் கான்கிரீட்டில் கணுக்கால் வரை நின்று வேலை. சிமெண்ட் தண்ணீர் தோலை மெல்லத் தின்னும். எரிச்சல் தெரிகிற நேரத்தில் தின்று முடித்திருக்கும்.

"சனிக்கிழமை மேல போனது யாரு?"

காலையிலிருந்து வெறுங்காலை ஒரு துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆளிடம் போனேன். ஷூவை எனக்குக் கொடுத்துவிட்டதால் அப்படி இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தோணி, துண்ட எடுங்க."

"ஒண்ணுமில்ல மேடம்."

"எடுறா" என்றார் சேசுராஜ் அண்ணன்.

வலது பாதத்தின் உட்பக்கம், வரிசையாக மூன்று புண். நாலணாக் காசு அளவு. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், மூன்றுக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஷூ ஓட்டைகளின் இடைவெளியேதான். அந்தோணி என் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "எழுதாதீங்க மேடம். இத எழுதுனா எங்களத் தூக்கிருவாக. புண்ணு ஆறிரும். தொற திரும்ப வராது."

அவனை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். ஆழமில்லை, பத்து நாளில் ஆறிவிடும் என்றார்கள். ஆனால் அந்தப் படிவம் என் மேசை மேல் இருந்தது. எழுதினால், தணிக்கைக்கு வருகிறவருக்குக் குழுவை வெளியே அனுப்ப நானே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி. எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சாரிடம் போய் நின்றேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தும் போனேன்.

"சார், புண்ணையும் எழுதணுமா?"

"ஓட்டையில நல்லது நடந்ததையும் எழுதினீங்கல்ல?"

"ஆமா."

"ஒரே ஓட்டைதான மலர்."

எழுதினேன். நான் விழுந்தது, ஏறியது, வழுக்கியது, முடிச்சு, மூன்று புண், இடைவெளி அளவு எல்லாம். கடைசியில் எங்கள் பரிந்துரை: கடல் வேலைக்கு ஒரு ஷூ, கான்கிரீட்டுக்கு வேறு ஷூ. இரண்டுக்கும் நடுவில், ஏணி முனையில் ஒரு ரேக். மாற்றாமல் யாரும் அந்த ஏணியைத் தாண்டக் கூடாது. சேசுராஜ் அண்ணனைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். புண் வந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "எம் மச்சினன் காலு மேடம். நல்லா எழுதுங்க" என்றார்.

வியாழக்கிழமை தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. என் அறிக்கையை நின்றபடியே முழுவதும் படித்தார். புராஜெக்ட் இன்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் புண்ண நீங்க எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ம்" என்றார். "பார்ஜுக்குப் போகலாம்."

ஏணி முனையில் சேசுராஜ் அண்ணன் கையை நீட்டி மறித்தார். அந்தோணி தவிர மற்ற பதின்மூன்று பேரும் கலீல் காக்கா ராவோடு ராவாக வரவழைத்த புது ஷூவில் நின்றார்கள், ஓட்டை இல்லாதது, ஆனால் வலைக் கயிறு லேசு.

"சார், மன்னிக்கணும். இந்த முடிச்சோட இங்கன எறங்க முடியாது."

புராஜெக்ட் இன்ஜினியர் "சேசுராஜு!" என்று பல்லைக் கடித்தார். அண்ணன் காதில் வாங்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் ஸ்கேலைக் கேட்டு வாங்கினார். "வலது கால்." டங். "இடது கால்." டங். என் குரலிலேயே சொன்னார், நான் இழுக்கிற ராகத்தோடு. நாலு மாதமாக இவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் நடத்திய நாடகம் இது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "கவசம் இருக்கு. தகடு இருக்கும், நல்ல ஷூ சார். லேசுதான் தப்பு. தண்ணியில நனஞ்சா இது அவுழாது. எங்க மேடத்துக்கு நகம் போச்சு." அவிழ்த்து, தன் முடிச்சைப் போட்டார். "இப்ப இந்த நுனிய இழுங்க."

தணிக்கைக்காரர் இழுத்தார். ஷூ தளர்ந்து விரிந்தது. அவர், "திருப்பிப் போடுங்க" என்றார். அண்ணன் போட்டார். அவர் மறுபடியும் இழுத்தார். மூன்றாவது தடவை, "எப்படிப் போடுறது? மெதுவா" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். குழு தப்பித்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரோக்கியசாமி சார் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

முடிவை அங்கேயே, முழங்காலில் வைத்து எழுதினார். ஓட்டை போட்ட ஷூ பதினான்கும் இன்றே திரும்பப் பெறப்பட வேண்டும், கையால் ஓட்டை போட்டதை ஏற்க முடியாது. நீர் வடிகிற, முத்திரை உள்ள ஷூவைத் தேடி வாங்க வேண்டும். ஏணி முனை ரேக் உடனே வைக்கப்பட வேண்டும். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "பார்ஜ் குழுவை மாற்றத் தேவையில்லை. இவர்கள் விதியை அறிந்தவர்கள்."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அந்தோணிதான். புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு சுகாதார நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தான்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அந்த மாதிரி ஷூ கிடைத்தது. பெட்டியைத் திறந்த அன்று சேசுராஜ் அண்ணன் முதலில் செய்த காரியம், ஓட்டையை எண்ணியது. "உட்பக்கம் மூணு, வெளிப்பக்கம் மூணு! ஏலே, நம்மளப் பாத்துத்தாண்டா போட்டிருக்கான்!" அந்தக் கம்பெனிக்காரன் மண்டபத்தையே பார்த்திருக்க மாட்டான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் குப்பத்தில் அதுதான் வரலாறு.

படகுத்துறை முடிந்தது. கடைசித் தூணைப் பதினான்கு பேரும் கை வைத்துத்தான் இறக்கினார்கள். முதல் வள்ளங்கள் வந்து கட்டிய நாளும் என்னுடைய 'ஓய்வு' நாளும் ஒன்றாகவே அமைந்தன. சால்வை, மாலை எல்லாம் முடிந்த பிறகு சேசுராஜ் அண்ணன், "மேடம், எங்க வள்ளத்துல ஒரு சுத்து வாங்க" என்றார்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு துறையின் விளிம்புக்குப் போனேன். வள்ளத்துக்கு அணியம் இருந்தது, அதில் பெயர் இருந்தது, மாலை இருந்தது. ஒரு காலை எடுத்து வைக்கப் போனேன்.

"நில்லுங்க."

அந்தோணி வள்ளத்துக்குள் நின்றபடி ஒரு ஸ்கேலை நீட்டிக்கொண்டிருந்தான். என் ஸ்கேல்தான். எப்போது எடுத்தானோ. "வலது கால்" என்றான், என் ராகத்தில். டங். "இடது கால்." டங். "ரெண்டுலயும் இரும்பு இருக்கு மாமா. உள்ள விட முடியாது."

"இது பார்ஜ் இல்ல மேடம்" என்றார் சேசுராஜ் அண்ணன் பணிவாக. "போட்டு."

குனிந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் லேசிலும் அவர்கள் முடிச்சுதான். ஒரு நுனி. ஒரே இழு. இரண்டு ஷூவும் கழன்றன, காலுறையையும் உருவினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் என் காலை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. கணுக்காலுக்கு மேலே வெயிலில் கறுத்த நான். கீழே வெயிலே படாத வேறு யாரோ.

"ஏலே, மேடத்துக்குக் காலு இருக்குடா!"

துறையே சிரித்தது. பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆரோக்கியசாமி சார் என் ஷூ இரண்டையும் எடுத்து, தூசி தட்டி, ஏணி முனை ரேக்கில் வரிசையாக வைத்தார்.

வள்ளத்தில் காலை வைத்தேன். பலகை இளஞ்சூடாக இருந்தது. மீன் செதில் ஒன்று கட்டைவிரலில் ஒட்டியது. எஞ்சின் உயிர் பிடித்ததும் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறி முழங்கால் வரை வந்தது. கால்லதான் எல்லாம் தெரியும் என்று அவர் சொன்னது இதுதான் போல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணே, தெரியுது! எஞ்சின் பேசுறது எனக்கும் தெரியுது!"

சேசுராஜ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். கடல் அமைதியாகக் கிடந்தது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

"அது எஞ்சின் இல்ல மேடம்" என்றார். "உங்க காலு."